மூன்று திருடர்களைப் பத்தாக்கிய கதை

பாப்பா,

இருபத்திரண்டு வயதாகி, சர்க்கார் உத்தியோகமும் கிடைத்து, கிள்ளானில் தனி வீட்டில் குடியிருக்கும் பெண்ணை இன்னும் பாப்பா என்று எழுதலாமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கிள்ளான்ல அவ மிட்வைஃப் அம்மா. பிரிக்பீல்ட்ஸ்ல பாப்பாதான். எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி போன வாரத்தைவிடக் கொஞ்சம் தேவலை. ரயில்வே சரக்குக் கொட்டகையில் இப்போது என்னை மூட்டை தூக்க விடுவதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்கள் தூக்குவதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வயதானால் கிடைக்கும் மரியாதை இதுதான்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மூன்று தடவை படித்தேன். உன் தெருவில் ஒரு வாத்தியார் வீட்டுப் பின்கதவை நெம்பி உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு இரண்டு நாள் கழித்து, நடுச்சாமத்தில் உன் கதவை யாரோ தட்டியிருக்கிறார்கள். "அம்மா, பொஞ்சாதிக்கு வலி, வாங்கம்மா" என்று ஓர் ஆண் குரல். நீ விளக்கை ஊதி அணைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாய். குரல் கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டுப் போய்விட்டது. வந்தவன் திருடனில்லை என்பதும், பக்கத்துத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் குழந்தை யாரோ ஒரு பாட்டியின் கையில் நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்பதும் மறுநாள்தான் உனக்குத் தெரிந்தது. "அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை அப்பா. நான் செய்தது தப்பா? ராத்திரியில் தட்டுகிறவனை எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறாய்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். ராத்திரித் திருட்டைப் பற்றி உன் அப்பாவுக்குத் தெரிந்த அளவு இந்தச் சிலாங்கூரிலேயே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு தடவை திருட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை என்னையே திருடன் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கிள்ளான் டவுன் முழுவதையும் பத்து நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். இதில் எதையும் உன்னிடம் சொன்னதில்லை. நீ பிறந்த ஊரை விட்டு ஏன் கோலாலம்பூருக்கு வந்தோம் என்று நீ கேட்டபோதெல்லாம், "கொசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். கொசுவும் உண்மைதான். ஆனால் கொசுவுக்காக மட்டும் நாங்கள் வரவில்லை.

அப்போது எனக்கு உன்னைவிட இரண்டு வயது கூடுதல். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நீ அம்மா வயிற்றில் இருந்தாய். கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரிடம் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயிலில் வந்து இறங்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பகல் வெயிலில் மாடு நுரை தள்ளிவிடும் என்பதால் பயணமெல்லாம் ராத்திரியில்தான். மூன்று வண்டிகள் சேர்ந்தே போகும். ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஓர் அரிக்கன் விளக்கு தொங்கும். முன் வண்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டு பின் வண்டி மாடுகள் தாமாகவே நடக்கும். முதல் வண்டிக்காரன் தூங்கக் கூடாது, அவன் வழி பார்க்க வேண்டும். கடைசி வண்டிக்காரனும் தூங்கக் கூடாது, அவன் மூன்று வண்டிக்கும் முதுகைப் பார்க்க வேண்டும். நடு வண்டிக்காரன் மட்டும் தூங்கலாம். இது முறை வைத்து மாறி மாறி வரும். அந்த நடு வண்டியின் மேல் எனக்கு இருந்த ஆசை, சில பேருக்குச் சொர்க்கத்தின் மேல்கூட இருக்காது.

அன்றைக்கு எனக்குக் கடைசி வண்டி. உன் அம்மாவுக்குக் கால் வீக்கம், இரண்டு ராத்திரியாகக் கால் பிடித்துவிட்டுக்கொண்டு விழித்திருந்தேன் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். ஆனால் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பொய் செல்லாது. சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான். டவுனைத் தாண்டி இரண்டு மைல் போவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னால் யோசித்துத்தான் புரிந்துகொண்டேன். கையில் விளக்கோடு ஒருவன் முன் வண்டிக்கும் என் வண்டிக்கும் நடுவில் நுழைந்திருக்கிறான். விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் குறைத்திருக்கிறான். முன் வண்டி வளைவில் மறைந்ததும் ரப்பர் தோட்டத்து மண்பாதையில் திரும்பிவிட்டான். என் மாடுகள் நல்ல பிள்ளைகள். விளக்கு போன வழியே அவையும் போயிருக்கின்றன.

வண்டி நின்றதும்தான் விழித்தேன். சுற்றிலும் ரப்பர் மரங்கள். ரோட்டைக் காணோம். மூன்று பேர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி. விளக்குப் பிடித்தவன் எனக்கு அருகில் வந்து, "அண்ணே, எறங்கி ஓரமா நில்லுங்க. மாட்டக் கொஞ்சம் புடிச்சுக்குங்க, மெரளப் போவுது" என்றான். பாப்பா, என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் வேலை வாங்கியதில்லை. நான் இறங்கினேன். மாட்டையும் பிடித்துக்கொண்டேன். அவர்கள் பால்டின் பெட்டிகளையும் துணி மூட்டை ஒன்றையும் இறக்கிக்கொண்டார்கள். அரிசி மூட்டை கனம் என்று தொடவில்லை. போகும்போது அந்த விளக்குக்காரன், "இப்படியே நேராப் போனா ரோடு வந்துடும்ணே" என்று வழியும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ராத்திரியில் நான் செய்த ஒரே நல்ல காரியம், சண்டைக்குப் போகாததுதான். இதை நீ மனசில் வைத்துக்கொள். சைக்கிளைக் கேட்டால் சைக்கிளைக் கொடு, வளையலைக் கேட்டால் வளையலைக் கழற்றிக் கொடு. போன சாமானை வேறு வாங்கிக்கொள்ளலாம். வளையலுக்காக நீ கையில் வெட்டு வாங்கிக்கொண்டு வந்தால், உன் அம்மா முதலில் உன்னைத் திட்டுவாள், பிறகு என்னைத் திட்டுவாள்.

ஆனால் அதற்கு அடுத்து நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. கடைசி வண்டிக்காரன் தூங்கிவிட்டான் என்று எப்படிச் சொல்வது? மூன்று பேருக்கு நான் பயந்துவிட்டேன் என்றால் மற்ற வண்டிக்காரர்கள் சிரிப்பார்களே? முதலில் ஆறு பேர் என்று வைத்துக்கொண்டேன். டவுன் எல்லையில் எட்டாகிவிட்டார்கள். ராவுத்தர் முகத்தைப் பார்த்ததும் பத்தாகிவிட்டார்கள். எல்லோர் கையிலும் பாராங், ஒருவன் ஆறடிக்கு மேல் உயரம், நான் நான்கு பேரைத் தள்ளிவிட்டேன், பின்னாலிருந்து என்னைப் பிடித்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"பத்துப் பேரு வந்தும் அரிசியத் தொடலையாப்பா?"

"அரிசி சாப்புடுறவங்களா தெரியல முதலாளி" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் பத்துத் திருடர்கள் பாசார் முழுவதும் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். மீன் விற்கிற இடத்தில் பதினைந்தானார்கள். நான் சொல்லவே சொல்லாத ஓர் ஒற்றைக்கண்ணனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான். கோப்பிக் கடைக்காரர் ஏழு மணிக்கே பலகையை எடுத்து மாட்டினார். விளக்கு வைத்ததும் தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. ஆனால் எனக்கு மட்டும் நல்ல காலம். போகிற இடமெல்லாம், "நாலு பேரத் தள்ளுன ஆளு இவருதான்" என்று கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள். நான் வெட்கமில்லாமல் குடித்தேன். சில நாள் இரண்டு கோப்பைகூடக் குடித்தேன்.

பத்தாம் நாள் ராத்திரி உன் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. விளக்கு வைத்த நேரத்தில் லேசாக ஆரம்பித்தது, நடுச்சாமம் தாண்டியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்துவிட்டாள். ஓடினேன். விளக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. முதலில், துணைக்கு இருக்கட்டும் என்று கூட வண்டி ஓட்டும் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரென்றுகூடக் கேட்காமல், "போயிடு! உள்ள எட்டுப் பேரு இருக்கோம்!" என்று கத்தினான். அந்த வீட்டில் அவனும் அவன் பூனையும்தான். அடுத்த வீட்டில் விளக்கு அணைந்தது. அதற்கடுத்த வீட்டில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். தெருத் தெருவாக என் பத்துப் பேரும் எனக்கு முன்னால் ஓடி, ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே போவது போல இருந்தது.

மருத்துவச்சி அஞ்சலை அக்காவின் வீடு ஆற்றோரத்தில். தனியாக இருந்த அம்மாள். கிள்ளானில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவர். கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"யார்ரா அது?"

"நான்தான்க்கா, ராவுத்தர் கடை வண்டிக்காரன். பொஞ்சாதிக்கு வலிக்கா, வாங்கக்கா!"

"விடிஞ்சதும் வரேன் போ. ஊருக்குள்ள பத்துப் பேரு சுத்துறானுங்க."

"பத்துப் பேரு இல்லக்கா! மூணு பேருதான்!"

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"நான்தான்க்கா பத்துன்னு சொன்னேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன். பிறகு அஞ்சலை அக்கா நிதானமாகக் கேட்டார். "அப்ப நீ பொய் சொல்றவன்னு நீயே சொல்ற. இப்ப வலின்னு சொல்றத மட்டும் நான் எப்படிடா நம்புறது?"

பாப்பா, கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். நாலு பேரைத் தள்ளிவிட்ட ஆள், ஆற்றங்கரையில் நின்று ஓவென்று அழுதேன். அந்த அம்மாள் அழுகைக்கும் மசியவில்லை. ஆனால் போய்ப் படுத்துக்கொள்ளவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அழுவாத. கேக்குறதுக்குப் பதில் சொல்லு. வலி எப்ப புடிச்சுது?"

"வெளக்கு வச்சப்ப."

"தலச்சனா?"

"ஆமாக்கா."

"வயித்துலயா, இடுப்புலயா?"

"இடுப்புலேருந்து சுத்திக்கிட்டு முன்னால வருதுங்குறா."

"தண்ணிக்கொடம் ஒடஞ்சிடுச்சா?"

"வீட்டுல கொடம் எதுவும் ஒடையலக்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். "புருசன்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது. ஆனாலும் தாழ்ப்பாளைத் தொடவில்லை. "ஜன்னல்கிட்ட வந்து ரெண்டு கையையும் நீட்டு" என்றார். கம்பிக்கு உள்ளேயிருந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தார். என் கையில் கத்தி இல்லை. இடது மணிக்கட்டில் உன் அம்மாவின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேரமாயிடுச்சுடா. நல்லா அழுத்திக் கடிச்சிருக்கா" என்றார். அப்புறம்தான் கதவு திறந்தது.

திறந்ததும் கிளம்பிவிடவில்லை. காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டி, அங்கே இருந்த மலாய்க்காரப் படகோட்டியை எழுப்பினார். அவரை எல்லோரும் பாக் லோங் என்று கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போகிறேன், எந்த ரோட்டு வழியாகப் போகிறேன் என்று மலாயில் சொன்னார். பாக் லோங் என்னை மேலும் கீழும் பார்த்தார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். "நீ முன்னால நட" என்றார் அக்கா என்னிடம். "வெளக்கு ஒன் கையில. தடி என் கையில." சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அதில் போனால் பாதி நேரம்தான் என்று நான் பறந்தேன். "சந்துல போறவன நாலு பேரு பாக்க முடியாது. ரோட்டுலயே போ" என்றார். வழியில் ரோந்து வந்த மாத்தாவைத் தானாகவே கைதட்டிக் கூப்பிட்டு, இன்னார் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தார். அந்தப் போலீஸ்காரர் மூன்று பேரில் என்னை மட்டும்தான் முறைத்துப் பார்த்தார்.

நீ விடிவதற்குச் சற்று முன்னால் பிறந்தாய். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். நீ அழவில்லை. வாசலில் நின்றிருந்த எனக்கு, நீ அழாத அந்த நேரம் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. பாக் லோங் என் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நீ அழுதாய். எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு நாயனத்தை நான் கேட்டதில்லை. அஞ்சலை அக்கா வெளியே வந்து கை கழுவினார். "பொண்ணு. நல்லா இருக்கா. இன்னும் அர மணி நேரம் ஆயிருந்தா..." என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்த அரை மணி நேரத்தை நான் எங்கே தொலைத்தேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். போகாமல் உன்னைத் தூக்க முடியாது என்று தோன்றிவிட்டது. அங்கே இருந்த சார்ஜனிடம், பத்தில்லை, மூன்று பேர் என்று சொன்னேன். அங்கே எழுத்து வேலை பார்த்த, தமிழ் தெரிந்த கிராணி ஒருவர் அதை மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. முந்தின ராத்திரிதான் ஜெஞ்சாரோம் ரோட்டில் நடந்து போன இரண்டு பேரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள், அடையாளம் காட்ட என்னைக் கூப்பிடுவதாக இருந்தார்கள். மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். வெளியே கொண்டுவந்தபோது அவர்கள் மீன் கூடையிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. நான் கைகூப்பினேன். இருவரில் மூத்தவர், "தம்பி, இனிமே தூங்கினா, தூங்கினேன்னு சொல்லிடு" என்றார். அதைக் கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னதும் வேலை சுலபமாகிவிட்டது. பத்துப் பேரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேரைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு கோப்பிக் கடையில் பால்டின் விற்கப் போன இரண்டு பேர் பிடிபட்டார்கள். விளக்குக்காரன் மட்டும் அகப்படவே இல்லை. எங்கே இருந்தாலும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருப்பான். ராவுத்தர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "அரிசியத் தொடலைன்னு நீ சொன்னப்பவே தெரியும்பா எனக்கு. நீயா எப்ப சொல்றேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். ஆனால் ஊர் விடவில்லை. எனக்குப் 'பத்துப்பேர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "பத்துப்பேரு வரார், நகந்து உக்காருங்க" என்பார்கள் கோப்பிக் கடையில். தெருவில் விளையாடும் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்தால் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும். கொசுவைவிட அதுதான் அதிகமாகக் கடித்தது. உனக்கு ஒன்பது மாதமாகும்போது ரயிலேறிவிட்டோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ செய்தது பாதி சரி. கதவைத் திறக்காதது சரி. வாயைத் திறக்காததுதான் தப்பு. கதவு மூடியிருந்தாலும் உள்ளே இருந்து பேசலாம். யார், எந்தத் தோட்டம், எத்தனை மணியிலிருந்து வலி, எத்தனையாவது பிள்ளை என்று கேள். உனக்கு அஞ்சலை அக்காவைவிடப் படிப்பு அதிகம், இன்னும் நல்ல கேள்வியாகக் கேட்கலாம். பொண்டாட்டி வலியில் இருக்கிறவன் திக்கித் திணறிப் பதில் சொல்வான், பாதி தெரியாமல் விழிப்பான். எல்லாவற்றுக்கும் மடமடவென்று பதில் சொல்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இரு. லயத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல், உண்மையாக வந்தவன் ஓடிப் போய்க் கூட்டி வருவான். எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொல்லாமல் வாசல்படி இறங்காதே. வந்தவன் முன்னால் நடக்கட்டும், நீ பின்னால் போ. கால் மணி கூட ஆனாலும் ரோட்டிலேயே போ. இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் போகாதே. அவன் திட்டினால் திட்டட்டும். நீ நல்லபடியாக இருந்தால்தான் நாளைக்கு இன்னொரு பிள்ளை பிறக்கும். பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மா. முடிந்தால் ஒரு பகல் வேளையில் அந்த லயத்துக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வா. அந்த மனிதனிடம் பயந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொல். புரிந்துகொள்வான்.

இந்த இடத்தோடு கடிதத்தை முடித்துவிட்டு உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர்க் குடம் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, அரிசியெல்லாம் முறத்திலிருந்து சிந்திவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஓடினீங்களே, கதவச் சாத்திட்டா ஓடினீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். சாத்தியதாக ஞாபகமில்லை.

"விரியத் தெறந்து போட்டுட்டு ஓடினீங்க" என்றாள். "ஊரெல்லாம் திருடன் பயம். எழுந்து சாத்த முடியாம நான் கெடக்குறேன். அம்மிக் குழவியப் பக்கத்துல உருட்டி வச்சுக்கிட்டேன், எவனாச்சும் வந்தா கால் மேல போட்டுடலாம்னு. வாசல்ல ஒரு ஆள் நெழல் தெரிஞ்சுது. உசுரே போயிடுச்சு. பாத்தா, ஆசோ."

ஆசோ என்பது எங்கள் பக்கத்து வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீன அம்மாள். பாசாருக்குக் கீரை கொண்டுபோக மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். அன்றைக்கு எங்கள் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, கீரைக் கூடைகளை அப்படியே ரோட்டில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். "ஜாங்கான் தாக்கோட், ஜாங்கான் தாக்கோட்" என்று, பயப்படாதே பயப்படாதே என்று மலாயில் சொல்லிக்கொண்டே, நாங்கள் வரும்வரை உன் அம்மாவின் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அடுத்த கடி அவங்க கையிலதான் கடிச்சேன். ஒண்ணும் சொல்லல" என்றாள். அன்று ஆசோவை வீட்டில் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் வந்த சத்தத்தில் எழுந்து வந்தவர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"இத ஏன் ஒரு நாளும் சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? வந்ததுலேருந்து, கதவ எப்படித் தெறக்க வச்சேன்னு ஒங்க கதையத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அவளுக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடைசிப் பாரா அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நீ கிள்ளானுக்குப் போய் மூன்று வாரமாகிறது. உன் கடிதத்தில் வாத்தியார் வீடு இருக்கிறது, திருடன் இருக்கிறான், தோட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. மலாய்க்காரரா, சீனரா, நம் ஆட்களா, ஒன்றும் தெரியவில்லை. இதைப் படித்து மடித்து வைத்ததும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு போய், வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் கதவைத் தட்டு. அவர்களும் பயந்துபோய்த்தான் இருப்பார்கள். உள்ளே இருந்துகொண்டே யார் யார் என்று பத்துக் கேள்வி கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்.

உன் அப்பா